கண்ணில் விழும் பூ

பூ என்னும் சொல்லை நாம் எத்தனையோ நல்ல காரியங்களுக்கு வழங்குகிறோம். தலையில் சூடினால் மங்கலம். சந்நிதியில் இட்டால் பக்தி. பருத்திச் செடியில் கண்டால் பிழைப்பு. ஒரே ஓர் இடத்தில்தான் அந்தச் சொல் கேட்டவர் நெஞ்சைத் துணுக்குறச் செய்கிறது. "அவருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டது" என்று சொன்னால், அந்தக் கண்ணுக்கு இனி உலகம் ஒரு வெள்ளைத் திரைக்கு அப்பால்தான் என்று பொருள். அந்தப் பூவைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். அதைத் தலைவிதி என்று சொல்லி அடங்கிவிடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் நம் பக்கத்துக் கிராமங்களில் விழும் பூக்களில் பல, ஒரு சிறு கீறலில் தொடங்கி, அதில் குடியேறும் கிருமியால் வளர்ந்து, அந்தக் கிருமிக்கு நாமே அறியாமல் அளித்து வரும் பயிற்சியால் நிலைபெறுகின்றன.

ஓட்டப்பிடாரத்தைச் சுற்றிலும் கரிசல் பூமி. ஐப்பசி கார்த்திகை மழையை நம்பி உளுந்தும் பாசிப்பயறும், கம்பும் சோளமும், பருத்தியும் மிளகாயும் விதைக்கிறோம். தை மாசியில் களம் நிறையும். அந்நாளில் கண்ணுக்கு எத்தனை பகைகள்! கம்பங்கதிரின் சுணை, காய்ந்த உளுந்தஞ்செடியின் தூசி, சோளத் தட்டையின் கூர் நுனி, வேலியோரத்துச் சீமைக் கருவேல முள், பனையேறுபவர் கண்ணில் உதிரும் பன்னாடைத் தூள். கிழக்கே கடற்கரைப் பக்கம் போனாலோ, உப்பளக் காற்றும் மணலும். இவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் உராய்ந்தால் ஒரு கணம் கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடியும் வேலையில் குனிகிறோம். அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொள்ள, கண்ணின் அமைப்பைச் சற்று நோக்க வேண்டும்.

கண்ணின் முன்புறத்தில், கைக்கடிகாரத்தின் முகப்புக் கண்ணாடி போல ஒரு படலம் கவிந்திருக்கிறது. கருவிழிப் படலம் என்று அதைச் சொல்லலாம். அதன் தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவே. ஒளி தடையின்றிப் புகவேண்டும் என்பதற்காக, அதனுள் ரத்தக் குழாய் ஒன்றுகூட ஓடவில்லை. ஆகவே ரத்தத்திலுள்ள காவற்படை அங்கே வந்து சேரத் தாமதமாகும். அதன் முதற்காவல் கண்ணீர்தான். கண்ணீரில் கிருமிகளின் சுவரைக் கரைக்கும் லைசோசைம் என்ற பொருள் உண்டு. 1922-ஆம் ஆண்டில் அதைப் பற்றி உலகுக்கு அறிவித்தவர், பின்னாளில் பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் என்ற அறிஞரே. இரண்டாவது காவல், படலத்தின் மேலே போர்த்திய மெல்லிய தோல். அந்தத் தோல் பழுதின்றி இருக்கும்வரை சாதாரணக் கிருமிகள் உள்ளே புக வழியில்லை. கம்பஞ்சுணை கிழிப்பது அந்தத் தோலைத்தான்.

எங்கள் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று என்றாலும், முத்துச் சிப்பியின் கதையைச் சிறு பிள்ளைகளும் அறிவர். தன் சதைக்குள் நுழைந்த அந்நியப் பொருளைச் சுற்றிப் பளபளப்பான உறையைப் போர்த்திப் போர்த்தி அது முத்தாக்கி விடுகிறது. கருவிழியும் தன் காயத்தை மூடப் பார்க்கிறது. ஆனால் அது போர்த்துவது தழும்பு. சிப்பிக்குள் வெண்மை விலை பெறும். கருவிழியில் வெண்மை பார்வையை மறைக்கும்.

இது எங்கோ ஓரிருவருக்கு நேரும் விபத்தன்று. மதுரை ஜில்லாவில் 1993-ஆம் ஆண்டுக் கணக்கை ஆராய்ந்தவர்கள், ஆண்டொன்றுக்கு லட்சம் பேரில் சுமார் 113 பேருக்குக் கருவிழிப் புண் உண்டாகிறது என்று மதிப்பிட்டார்கள். அமெரிக்காவில் மினசோட்டா மாகாணத்தின் ஒரு பகுதியில் இதே கணக்கை எடுத்தபோது லட்சத்துக்கு 11 பேரே இருந்தனர். அவர்களுக்கு ஒன்றென்றால் நமக்குப் பத்து. 1994-ஆம் ஆண்டு ஜனவரி முதல் மார்ச் வரை மூன்றே மாதத்தில் மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த 434 கருவிழிப் புண் நோயாளிகளை டாக்டர் சீனிவாசனும் அவருடைய தோழர்களும் ஆராய்ந்தார்கள். அவர்களில் 284 பேர், அதாவது நூற்றுக்கு 65 பேர், கண்ணில் அடிபட்டதைச் சொன்னார்கள்; பெரும்பாலும் வயல் வேலையில் பட்ட அடி. புண்ணைச் சுரண்டி எடுத்து வளர்த்துப் பார்த்ததில் கிருமி தென்பட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு பாக்டீரியா. ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பூஞ்சைக் காளான். இந்தப் பாதிக்குப் பாதிக் கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது வேண்டியிருக்கும்.

பாக்டீரியாக்களில் அங்கே முதலிடம் பெற்றது நிமோகாக்கஸ்; அடுத்தது சூடோமோனாஸ். நிமோகாக்கஸ் நம்மில் பலருடைய மூக்கிலும் தொண்டையிலும் தொல்லை செய்யாமல் குடியிருப்பது. சூடோமோனாஸ் ஈரமுள்ள இடமெல்லாம் வாழ்வது: குழாய் நீரிலும், சேற்றிலும், கவனமின்றித் திறந்து வைத்த சொட்டு மருந்துக் குப்பியிலும்கூட. கண்ணுக்குள் பொருத்திக்கொள்ளும் கான்டாக்ட் லென்ஸைக் குழாய் நீரில் கழுவும் இளைஞர்களுக்கு இது முக்கியமான செய்தி.

கிருமிகளெல்லாம் ஒரே மாதிரி கொடியவையல்ல. சில, புகுந்த இடத்தில் மெல்ல மேய்பவை, சில, சூறையாடுபவை. இந்தக் கொடுமையின் அளவை நச்சுவீரியம் என்று சொல்வோம். சூடோமோனாஸின் நச்சுவீரியம் எதில் இருக்கிறது என்று பார்த்தால் வியப்பும் அச்சமும் ஒருங்கே உண்டாகின்றன. அது தன் உடலின் மேல் மிக நுண்ணிய ஊசி போன்ற உறுப்பை வைத்திருக்கிறது. கருவிழியின் உயிரணுவை ஒட்டிக்கொண்டு, அந்த ஊசி வழியே நஞ்சை நேரே அதன் உள்ளே செலுத்துகிறது. அந்த நஞ்சுகளுள் எக்ஸோ-யு என்பது உயிரணுவின் தோலையே அறுத்துச் சில மணி நேரத்தில் அதைக் கொன்றுவிடும். எக்ஸோ-எஸ் என்பதைச் செலுத்தும் வகையோ உயிரணுவுக்குள்ளேயே ஒளிந்து வாழ வல்லது. இவையன்றி, கருவிழியின் நாரை இளக்கிக் கரைக்கும் பொருள்களையும் அக்கிருமி கக்குகிறது. காலையில் கடுகளவு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது, ஓரிரு நாளில் படலம் முழுவதும் பரவிக் கண்ணையே துளைத்துவிடக் கூடும். கரிசல் காட்டில் தீப்பிடித்தால் எப்படியோ, அப்படி.

இத்தனைக்கும் மருந்து இல்லையா? இருக்கிறது, நல்ல மருந்துகளே இருக்கின்றன. அவற்றின் வலிமை குறைந்து வருவதுதான் இந்தக் கட்டுரையின் கவலை.

கிருமியின் உயிர் ஒரு நீண்ட முறுக்கு நூலில் இருக்கிறது. கிருமி பெருகும்போதெல்லாம் அந்த நூலின் முறுக்கைத் தளர்த்தவும் சிக்கின்றி மீண்டும் சேர்க்கவும் அதனிடம் ஒரு கருவி உண்டு. சிப்ரோஃபிளாக்ஸசின், மாக்ஸிஃபிளாக்ஸசின் முதலிய மருந்துகள் அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு இயங்கவிடாமல் செய்கின்றன. நூல் அறுந்து கிருமி மடிகிறது. ஆனால் கோடிக் கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றிரண்டுக்கு, பிறவியிலேயே அந்தக் கருவியின் வடிவம் சற்று மாறியிருக்கும். மருந்தின் பிடி அதில் நிற்காது. வேறு சில கிருமிகள், ஓட்டைத் தோணியில் ஏறிய நீரை இறைத்து இறைத்துக் கடலில் கொட்டும் தோணிக்காரரைப் போல, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடும். இன்னும் சில, மருந்து புகும் வாயிலையே ஒடுக்கிக்கொள்ளும். இந்த வித்தைகளுள் சிலவற்றை ஒரு கிருமி மற்றொரு கிருமிக்குக் கைமாற்றிக் கொடுக்கவும் முடியும்.

இந்த ஒன்றிரண்டு கிருமிகள் என்றைக்கும் இருந்தவையே. அவற்றை ஊராளச் செய்வது யார்? விவசாயி விதைக்கு எடுக்கும் முறையை எண்ணிப் பாருங்கள். களத்தில் வாட்டத்துக்குத் தாங்கி நின்ற கதிர்களைப் பொறுக்கி அடுத்த ஆண்டுக்கு விதையாக வைக்கிறார். அரைகுறையாக மருந்து போடுகிறவர் இதையேதான் செய்கிறார். இரண்டு நாள் போட்டு, சிவப்பு வாங்கியதும் நிறுத்திவிட்டால், எளிய கிருமிகள் சாகின்றன. மருந்துக்குத் தாங்கி நின்றவை விதையாகின்றன. பென்சிலினுக்காக நோபல் பரிசு பெற்ற ஃபிளெமிங் 1945-ஆம் ஆண்டிலேயே தம் பரிசு உரையில், குறைந்த அளவில் மருந்தைக் கொடுத்தால் கிருமிகள் அதற்குப் பழகிவிடும் என்று எச்சரித்துவிட்டார். எண்பது ஆண்டு ஆகிறது. எச்சரிக்கை புத்தகத்தில் இருக்கிறது. கிருமி கண்ணில் இருக்கிறது.

இது வெறும் அச்சமூட்டல் அன்று என்பதற்கு நம் தென்னாட்டுச் சான்றே போதும். மதுரை அரவிந்தில் 2007 முதல் 2009 வரை கருவிழிப் புண்களிலிருந்து எடுத்த சூடோமோனாஸ் கிருமிகளைச் சோதித்தார்கள். 2007-ல் மாக்ஸிஃபிளாக்ஸசினுக்கு மசியாதவை நூற்றுக்கு 19. 2009-ல் அதே கணக்கு நூற்றுக்கு 52. இரண்டே ஆண்டில் இத்தனை மாற்றம்!

அதே காலத்தில் இன்னொரு பெரிய ஆராய்ச்சியும் நடந்தது. 2006 முதல் 2010 வரை அரவிந்த் ஆஸ்பத்திரிகளும் அமெரிக்காவின் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பிராக்டர் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து, பாக்டீரியாவால் கருவிழிப் புண் கண்ட 500 பேருக்குச் சிகிச்சை செய்து பின்தொடர்ந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்நாட்டு நோயாளிகளே. எல்லோருக்கும் மாக்ஸிஃபிளாக்ஸசின் சொட்டு மருந்து கொடுக்கப்பட்டது. அந்த ஆராய்ச்சியிலிருந்து கிடைத்த செய்திகளில் மூன்று நமக்கு முக்கியம்.

முதலாவது: கிருமியை அடக்க வேண்டிய மருந்தின் அளவு உயர உயர, புண் ஆறும் நாட்களும் நீண்டன, தழும்பும் பெரிதாயிற்று. சோதனைக் குழாயில் காணும் எதிர்ப்பு வெறும் காகிதக் கணக்கன்று. அது நோயாளியின் கண்ணில் பூவாக வந்து நிற்கிறது. இரண்டாவது: ஆஸ்பத்திரிக்கு வருமுன்பே அதே இனத்தைச் சேர்ந்த மருந்தைப் போட்டுக்கொண்டு வந்தவர்களின் கிருமிகள், அப்படிப் போடாதவர்களின் கிருமிகளைவிட மருந்துக்கு அதிகமாகத் தாங்கி நின்றன. மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கொடியது: உயிரணுக்களை அறுத்துக் கொல்லும் நஞ்சுடைய சூடோமோனாஸ் வகையே, இந்த மருந்துகளுக்கு மசியாத தன்மையையும் மிகுதியாகக் கொண்டிருந்தது. கள்வன் கையில் வாளும் இருந்து, மேலே கவசமும் இருந்தால் காவற்காரன் என்ன செய்வான்?

இனி நம் வீட்டுப் பழக்கத்துக்கு வருவோம். கண்ணில் தூசி விழுந்தால் வீட்டில் என்ன செய்வார்கள் என்று ஒருநாள் வகுப்பில் பிள்ளைகளைக் கேட்டேன். ஊதுவார்கள் என்றான் ஒருவன். முந்தானையைச் சுருட்டி ஒற்றுவார்கள் என்றாள் ஒருத்தி. தாய்ப்பால், விளக்கெண்ணெய், இலைச்சாறு என்று வரிசையாக வந்தன. நாவால் தூசியை எடுத்துவிடும் பாட்டியைப் பற்றி மூன்று பேர் சொன்னார்கள். கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்து, "மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிப் போடுவோம் ஐயா" என்றான். தான் சொன்னதுதான் படித்தவர்கள் சொல்லும் விடை என்ற பெருமிதம் அவன் முகத்தில் இருந்தது.

பாட்டியின் அன்பில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாயில் குடியிருக்கும் கிருமிகள் நாவிலும் இருக்கும். இலைச்சாற்றிலும் எண்ணெயிலும் மண்ணின் காளான் வித்துக்கள் கலந்திருக்கலாம். இவற்றின் அபாயத்தைச் சொன்னால் பலர் ஒப்புக்கொள்வார்கள். அந்தக் கடைசிப் பையனின் விடைதான் ஆராயத்தக்கது. ஏனெனில் அதுவே இன்று நம் வீடுகளின் விடையாக இருக்கிறது.

கண் சிவந்தவர் கடைக்குப் போய்க் கேட்கும் மருந்து மூன்று விதத்தில் தவறலாம். கண்ணின் சிவப்பு "மெட்ராஸ் ஐ" ஆக இருந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் வைரஸ். பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துக்கும் வைரஸுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. அது ஓரிரு வாரத்தில் தானே தணியும். தணிந்த பெருமையை மருந்து தட்டிக்கொண்டு போகும். கண்ணில் இருப்பது காளானால் வந்த புண்ணாக இருந்தால், நான் முன்னே சொன்ன பாதிக்குப் பாதிக் கணக்குப்படி அதற்கு வாய்ப்பு அதிகம். அங்கேயும் அந்த மருந்து பயன் தராது. காளானுக்கு நாட்டமைசின் என்ற வேறு மருந்து வேண்டும். பார்த்த மாத்திரத்தில் இது பாக்டீரியா, இது காளான் என்று அனுபவம் மிகுந்த கண் வைத்தியரும் உறுதியாகச் சொல்ல இயலாது. சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தே சொல்வார். அவருக்கே நுண்ணோக்கி வேண்டியிருக்க, கடை முகப்பில் நின்று பார்த்துச் சொல்வது எவ்வாறு?

மூன்றாவது தவறுதான் கண்ணைப் பறிப்பது. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அதைப் போட்டவுடன் சிவப்பும் வலியும் தணிந்து கண் தெளிந்தது போலத் தோன்றும். உண்மையில், காயத்துக்கு ஓடிவந்த காவற்படையைத்தான் அது உறங்க வைக்கிறது. காவல் உறங்கியதும் காளான் செழித்து வளர்கிறது. தக்க வைத்தியர், கிருமி இன்னதென்று கண்டு, அதை அடக்கும் மருந்தை முதலில் இரண்டு நாள் கொடுத்தபின் ஸ்டீராய்டைச் சேர்த்தால் பார்வை மிகுமா என்பதைத்தான் அந்த 500 பேர் ஆராய்ச்சி சோதித்தது. மூன்று மாத முடிவில், மொத்தத்தில் பார்வையில் வேறுபாடு இல்லை. நொகார்டியா என்ற மண் கிருமியால் வந்த புண்களிலோ ஸ்டீராய்டு போட்டவர்களுக்குத் தழும்பு பெரிதாயிற்று. அத்தனை கட்டுக்காவலோடு கொடுத்தபோதே இதுதான் நிலை. யாதொரு சோதனையும் இன்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைக் கடைக்காரர் மீறுகிறார் என்று அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. கேட்பவர் இருப்பதால்தான் கொடுப்பவர் இருக்கிறார். வேண்டாத இடத்திலும் கிருமிக்கொல்லியை எழுதிக் கொடுக்கும் வைத்தியர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊருக்கு ஒருவர் களையைப் பாதியில் விட்டால் அவர் நிலத்தோடு போகுமா? வித்து காற்றில் பறந்து அடுத்த நிலத்திலும் முளைக்கும்.

இதில் பொது நன்மை எவ்வளவு பெரிது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மாக்ஸிஃபிளாக்ஸசின் கருவிழிப் புண்ணுக்கு மட்டும் உதவுவதன்று. கண்புரை அறுவையின்போது மிக அரிதாகக் கிருமி கண்ணுக்குள்ளேயே புகுந்து ஒரே வாரத்தில் பார்வையை அழித்துவிடும். அதைத் தடுக்க, அறுவை முடியும் தறுவாயில் இதே மருந்தைச் சிறிதளவு கண்ணுக்குள் செலுத்தும் முறையை அரவிந்த் ஆஸ்பத்திரிகள் கைக்கொண்டன. 2014 முதல் 2016 வரை நடந்த சுமார் 6 லட்சம் அறுவைகளை ஒப்பிட்டு 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து செலுத்தாத கண்களில் பதினாயிரத்துக்கு 7 வீதம் இருந்த தீங்கு, செலுத்திய கண்களில் பதினாயிரத்துக்கு 2 ஆகக் குறைந்தது. உலகமெங்கும் கண் வைத்தியர்கள் மேற்கோளாகக் காட்டும் கணக்கு இது. நம் தாத்தா பாட்டிமார்களின் கண்களிலிருந்து கிடைத்தது. சாதாரணச் சிவப்புக்கு இந்த மருந்தைக் கடையில் வாங்கி இரண்டு நாள் போட்டு வீசுகிறவர், அறுவைக் கூடத்தில் படுத்திருக்கும் யாரோ ஒரு பாட்டியின் காவலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துகிறார். அந்தப் பாட்டி அவருடைய சொந்தப் பாட்டியாகவும் இருக்கலாம்.

கிருமிக்கு நாட்டெல்லையும் இல்லை. 2023-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பிய செயற்கைக் கண்ணீர்ச் சொட்டைப் பற்றிப் பெரும் கலக்கம் உண்டாயிற்று. அதுவரை அமெரிக்காவில் காணப்படாத, ஏறக்குறைய எல்லா மருந்துகளையும் எதிர்த்து நின்ற ஒரு சூடோமோனாஸ் வகை அங்கே 18 மாகாணங்களில் 81 பேரைப் பற்றியதாக அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் அறிவித்தது. 14 பேர் பார்வை இழந்தனர். 4 பேருக்குக் கண்ணையே எடுக்க நேர்ந்தது. 4 பேர் மாண்டனர். நோயாளிகள் திறந்து பயன்படுத்திய குப்பிகளில் அந்தக் கிருமி இருந்தது. தொழிற்சாலையில் கிருமி புகாமல் காக்கும் முறைகளில் குறைகள் இருந்ததாக அமெரிக்கச் சோதனையாளர்கள் எழுதினார்கள். அங்கே காப்பில் இருந்த மாதிரிகளைச் சோதித்த நம் அதிகாரிகளோ அவற்றில் கிருமி காணவில்லை என்றார்கள். வழக்கை நான் தீர்க்க வரவில்லை. மருந்துக்கு மசியாத கொடிய கிருமி ஒன்று, மருந்தே அல்லாத வெறும் கண்ணீர்ச் சொட்டின் வழியாகக் கடல் கடந்து கண்களைப் பறித்தது என்பது மட்டும் நம் மனத்தில் பதிய வேண்டும். நம் நாட்டுச் சரக்கின் நாணயம் நம் தூய்மையில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

அப்படியானால் கதியில்லையா? உண்டு, அதுவும் மலிவாகவே உண்டு. இந்த யுத்தத்தில் நம் பக்கம் உள்ள பெரிய ஆயுதம் காலம். நேபாள நாட்டின் பக்தபூரில் செய்து 2001-ல் வெளியிட்ட ஒரு சோதனையைப் பாருங்கள். கருவிழியில் கீறல் பட்ட 442 பேருக்கு, கிராமத் தொண்டர்கள் குளோராம்பினிகால் என்ற பழைய, மலிவான களிம்பை மூன்று நாள் இட்டார்கள். அடிபட்ட 18 மணி நேரத்துக்குள் வந்த 284 பேரில் ஒருவருக்குக்கூடப் புண் உண்டாகவில்லை. 18 முதல் 24 மணிக்குள் வந்த 109 பேரில் 4 பேருக்கு உண்டாயிற்று. ஒரு நாள் கழித்து, இரண்டு நாளுக்குள் வந்த 49 பேரில் 14 பேருக்கு உண்டாயிற்று. மதுரை ஜில்லாக் கிராமங்களிலும் இத்தகைய சோதனை நடந்து, 2006-ல் வெளிவந்த முடிவு நம்பிக்கை ஊட்டுவதாகவே இருந்தது. பின்னர் நேபாளத்தில் இன்னும் பெரிய அளவில் நடத்தி 2022-ல் வெளியிட்ட சோதனையில், தொண்டர்களை அமர்த்திய ஊர்களில் புண்களின் மொத்தக் கணக்கு குறையவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊரில் களிம்பும் தொண்டரும் இருந்தால் மட்டும் காரியம் முடிந்துவிடுவதில்லை போலும். கீறல் பட்டவர் நேரத்தில் போய்க் காட்டவும் வேண்டும்.

போவதற்கு இடமில்லாத காலம் ஒன்று இருந்தது, அது மாறிவிட்டது. இங்கிருந்து அதிக தூரமில்லாத எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் 1918-ல் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. வாதநோயால் விரல்கள் முறுக்கிக்கொண்ட கைகளால் அறுவை செய்யப் பயின்று, ஐம்பத்தெட்டு வயதில் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 2006-ல் அவர் காலமானார். அந்த ஆஸ்பத்திரியின் திருநெல்வேலிக் கிளை 1988-லேயே திறந்தாயிற்று. தூத்துக்குடியில் அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கிறது. பஸ் இருக்கிறது. தடையாக நிற்பது களத்து வேலை நடக்கும் நாளின் கூலி. அந்தக் கஷ்டத்தை நான் லேசாக எண்ணவில்லை. நாள் கூலியில் அடுப்பெரியும் வீடுகளின் பிள்ளைகளுக்கே நான் பாடம் சொல்கிறேன். ஆனால் புண் முற்றியபின் சிகிச்சை ஒருநாளில் முடிவதில்லை. முதல் இரண்டு நாள் இரவும் பகலும் மணிக்கொருமுறை சொட்டு விட வேண்டும். பிறகு வாரக்கணக்கில் தொடர வேண்டும். நோயாளியோடு துணைக்கு வருபவரின் கூலியும் போகும். எல்லாம் ஆறியபின்னும் நடுவிழியில் பூ நின்றுவிட்டால், இறந்தவர் ஒருவரின் கண் தானமாகக் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

ஆகவே இல்லத்தார் செய்ய வேண்டியவை இவை. கண்ணில் ஏதேனும் பட்டால் கசக்கக் கூடாது. சுத்தமான குடிநீரை மெல்ல விட்டுக் கழுவலாம். குத்தி நிற்பதைப் பிடுங்கக் கூடாது. சாறு, பால், எண்ணெய் எதையும் விடக் கூடாது. உறுத்தல் நிற்காவிட்டாலோ, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசினாலோ, பார்வை மங்கினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, அன்றைக்கே கண் வைத்தியரிடம் போக வேண்டும். மறுநாள் என்று தள்ளக் கூடாது. ஏற்கெனவே ஏதேனும் மருந்து போட்டிருந்தால் வெட்கப்படாமல் அந்தக் குப்பியைக் கையோடு கொண்டுபோய்க் காட்ட வேண்டும். எந்த மருந்துக்குக் கிருமி பழகியிருக்கலாம் என்பதை அறிய அது வைத்தியருக்கு உதவும். அவர் சொன்ன நாள் வரை, கண் தெளிந்த பின்னும், மருந்தை நிறுத்தக் கூடாது. குப்பியின் மூக்கு இமையிலும் விரலிலும் படக் கூடாது. ஒருவருக்கு எழுதிய மருந்தை மற்றொருவர் போடக் கூடாது.

இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒரு சிறு வேலை செய்யுங்கள். அலமாரியிலோ, சாமி படத்துக்குப் பின்னாலோ, தையல் பெட்டியிலோ, எப்போதோ யாருக்கோ வாங்கிப் பாதி தீர்ந்த சொட்டு மருந்துக் குப்பி ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் கிடக்கும். திறந்து ஒரு மாதம் கடந்த குப்பி மருந்தாகாது. உள்ளே எது வளர்ந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. "இருக்கட்டும், உதவும்" என்ற சிக்கனம் வேறு எந்தப் பண்டத்துக்கும் பொருந்தும், இதற்குப் பொருந்தாது. அதை எடுத்து இன்றே எறிந்துவிடுங்கள்.